கப்பலும் வேண்டும், ஆட்களும் வேண்டும்: எந்த விண்கப்பல் கேமை வாங்குவது?

போன வாரம் அண்ணன் மகள் போன் செய்தாள். கல்லூரியில் முதல் வருடம் முடிந்து ஒரு மாதம் விடுமுறை. "அத்தை, ஸ்பேஸ்ஷிப் கட்டுற கேம் ஒண்ணு வேணும். கப்பல நானே கட்டணும், உள்ள ஆளுங்களும் இருக்கணும். ஒண்ணுதான் வாங்க முடியும், எது வாங்கட்டும்?" என்றாள். அரை மணி நேரம் பேசியும் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. எழுதியே அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இதே கேள்வியோடு இருக்கிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், அவளுக்கு எழுதியதையே கொஞ்சம் விரித்து எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

அவள் கேட்டது ஒன்று போலத் தெரிந்தாலும் அதில் இரண்டு ஆசைகள் இருக்கின்றன. கப்பலை நானே கட்ட வேண்டும் என்பது ஒன்று. உள்ளே ஆட்கள் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இந்த வகை கேம்களைப் பல வருடமாக ஆடிப் பார்த்ததில் எனக்குத் தெளிவாகப் பட்டது இதுதான்: இந்த இரண்டு ஆசையும் ஒன்றையொன்று இழுக்கும். கட்டுகிற சுதந்திரம் கூடக் கூட, உள்ளே இருக்கிற ஆள் சின்னதாகிக்கொண்டே போவான். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு நெருங்க வேண்டும் என்றால், கப்பல் பெரும்பாலும் வேறு யாரோ கட்டிக் கொடுத்ததாக இருக்கும். எந்த கேம் நல்ல கேம் என்று பார்ப்பதைவிட, இந்த இழுபறியில் நாம் எந்தப் பக்கம் நிற்க ஆசைப்படுகிறோம் என்று பார்த்தால் முடிவு சீக்கிரம் வந்துவிடும்.

நான் எடுத்துக்கொண்டவை நான்கு: காஸ்மோட்டீர், எஃப்.டி.எல். (ஃபாஸ்டர் தேன் லைட் என்பதன் சுருக்கம்), ஸ்பேஸ் ஹேவன், கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ் ஏன் இல்லை என்று கேட்பார்கள். கட்டுவதற்கு அது அருமையான கேம்தான். ஆனால் அதில் விண்வெளி உடை போட்டுக்கொண்டு வெல்டிங் செய்கிற ஆள் நாமேதான். தூங்க வைத்து, சாப்பாடு போட்டு, வேலை சொல்ல ஒரு கூட்டம் அதில் கிடையாது. அண்ணன் மகளின் இரண்டாவது ஆசைக்கு அது பதில் ஆகாது.

காஸ்மோட்டீரில் இருந்து தொடங்குகிறேன், சொல்ல அதிகம் இருப்பது அதைப் பற்றித்தான். வால்ட் டெஸ்ட்லர் என்பவர் பல ஆண்டுகள் பெரும்பாலும் தனி ஆளாக உழைத்து, இலவசமாகவே வெளியிட்டு வந்த கேம் அது. 2022 அக்டோபரில் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் ஏர்லி ஆக்சஸ் நிலையில், அதாவது வேலை முழுதாக முடியும் முன்பே, விற்பனைக்கு வந்தது. திரையில் கப்பலை மேலிருந்து பார்க்கிறோம், கூரையைக் கழற்றிவிட்டு வீட்டைப் பார்ப்பது போல. கட்டம் போட்ட தாள் மாதிரி ஒரு பரப்பு. அதில் மின்சாரம் தரும் ரியாக்டர், எதிரியின் தாக்குதலைத் தடுக்கும் ஷீல்டு, பீரங்கி, கப்பலை நகர்த்தும் த்ரஸ்டர், நடைபாதை, படுக்கையறை என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போக வேண்டும். இடப்பக்கம் வைப்பது வலப்பக்கமும் தானாக விழும்படி வைத்துக்கொள்ளவும் வசதி உண்டு. எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் கட்டலாம். சுத்தியல் மாதிரி, நண்டு மாதிரி, நடுவில் ஓட்டையோடு வளையமாக, எப்படிக் கட்டினாலும் கேம் தடுக்காது. சரியாகக் கட்டவில்லை என்றால் சண்டையில் தெரிந்துவிடும்.

இந்த கேமின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், இதில் கரண்ட் ஒயர் வழியாகப் போவதில்லை. ஆள்தான் சுமந்துகொண்டு போக வேண்டும். ரியாக்டரில் இருந்து பாட்டரியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நடந்து போய் ஷீல்டில் வைத்தால்தான் ஷீல்டு நிற்கும். பட்டறையில் செய்த குண்டை இன்னொருவர் சுமந்து போய்ப் பீரங்கியில் போட்டால்தான் அது சுடும். சுடுவதற்கும் ஓர் ஆள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். எறும்பு வரிசை போல நூற்றுக்கணக்கான சின்ன உருவங்கள் கப்பலுக்குள் போய் வந்துகொண்டே இருப்பதை மேலிருந்து பார்க்கலாம். நான் முதல் முறை பார்த்தபோது சண்டையையே மறந்துவிட்டு அவர்கள் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாண வீட்டில் பரிமாறியவர்களுக்கு இது உடனே புரியும். சமையல் கொட்டகை மண்டபத்துக்குப் பின்னால் தொலைவில் இருந்தால், எத்தனை பேர் வாளி தூக்கினாலும் பந்தியில் ரசம் தாமதமாகத்தான் வரும். நான் கட்டிய முதல் கப்பலில் நடந்தது அதுதான். ரியாக்டர் வெடிக்கும் என்று கேள்விப்பட்டு, பயந்து, அதைக் கடைசியில் பின்பக்கமாக வைத்தேன். ஷீல்டுகள் முன்னால். நடுவில் படுக்கையறைகள். சும்மா நிற்கும்போது எல்லாம் பச்சையாக, அழகாக இருந்தது. முதல் கொள்ளைக்காரக் கப்பல் சுடத் தொடங்கியதும் ஷீல்டின் மின்சாரம் மளமளவென்று இறங்கியது. பாட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பாதி வழியில் இருக்கும்போதே ஷீல்டு அணைந்துவிட்டது. அவர் வந்து சேரும்போது ஷீல்டு இருந்த இடமே இல்லை.

சரி, பக்கத்தில் வைத்துவிடலாம் என்று அடுத்த கப்பலில் ரியாக்டரை ஷீல்டுகளுக்கு ஒட்டியே வைத்தேன். ஷீல்டு அணையவே இல்லை. ஆனால் கவசத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு தாக்குதல் ரியாக்டரை எட்டியதும், அது வெடித்துச் சுற்றி இருந்த அத்தனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கப்பல் இரண்டாகப் பிளந்தது. கட்டுப்பாட்டு அறை எந்தத் துண்டில் இருக்கிறதோ அதுதான் நம் பேச்சைக் கேட்கும். மற்றது மிதந்து போகும். அதன் பிறகுதான் ஒரே பெரிய ரியாக்டருக்குப் பதில் சின்னச் சின்னதாகப் பல இடத்தில் வைப்பது, படுக்கையறையை வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் வைப்பது, நடைபாதையை நேராகப் போடுவது எல்லாம் பழகியது. நடைபாதையில் ஆட்கள் வேகமாக நடப்பார்கள். வேறு அறைகளுக்குள் புகுந்து போனால் மெதுவாகிவிடும். ஒரு கதவை எந்தச் சுவரில் வைக்கிறோம் என்பதே சண்டையின் முடிவை மாற்றிவிடும். கப்பல் கட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால், உண்மையில் ஒரு சின்ன ஊருக்குத் தெரு போட்டுக்கொண்டிருப்போம்.

ஆட்களுக்குத் தனித்தனி வேலை பிரித்துக் கொடுக்கலாம். இந்தக் குழு ஷீல்டுக்கு மட்டும், அந்தக் குழு பீரங்கிக்கு மட்டும் என்று நிறம் கொடுத்துப் பிரித்துவிட்டால் பெரிய கப்பலில் குழப்பம் பாதியாகக் குறையும். இதைச் செய்யாமல் பெரிய கப்பல் கட்டினால், பின்னால் இருக்கிற த்ரஸ்டருக்கு முன்னால் தூங்குகிறவர் எழுந்து ஓடி வருவார். படுக்கைக்குத் தக்கபடிதான் ஆள் என்பதால், எத்தனை பேர் வேண்டும் என்று முதலிலேயே எண்ணிவிட வேண்டும். கதையோடு ஆடும்போது நம் புகழ் ஏற ஏறத்தான் கூடுதல் ஆட்களை வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கும். அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. பத்துப் பேரை வைத்து முப்பது பேர் வேலையை எப்படி வாங்குவது என்று யோசிக்க வைக்கும். அந்த நேரத்தில்தான் நல்ல வரைபடங்கள் பிறக்கின்றன.

இன்னொரு அழகான விஷயம். இந்த கேமில் நாம் கட்டிய கப்பல் ஒரு படமாகச் சேமிக்கப்படுகிறது. சாதாரண பி.என்.ஜி. படம்தான், திறந்து பார்த்தால் கப்பலின் தோற்றம் தெரியும். ஆனால் கப்பலின் முழு வரைபடமும் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை நண்பருக்கு அனுப்பினால் அவர் தன் கேமுக்குள் போட்டு அதே கப்பலை ஓட்டலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். இதை அண்ணன் மகளுக்குத் தனியாக அடிக்கோடு போட்டு எழுதினேன்.

ஆனால் ஆட்கள்? அங்கேதான் காஸ்மோட்டீர் கையை விரித்துவிடுகிறது. அதில் ஆட்கள் ஓடுகிற ரத்தம் மாதிரி. ரத்தம் இல்லாமல் உடம்பு இல்லை, ஆனால் ஒவ்வொரு துளியையும் யாரும் பார்ப்பதில்லை. ஒரு படுக்கையறை சிதறினால் உள்ளே இருந்த ஆறு பேர் போய்விட்டார்கள் என்று எண்ணிக்கையில் தெரியும். அடுத்த நிலையத்தில் இறங்கி ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். போனவர்கள் யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அதற்கு நேர் எதிர் முனையில் இருப்பது எஃப்.டி.எல். 2012 செப்டம்பரில் வந்தது. ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் என்ற இருவர் தொடங்கிய சப்செட் கேம்ஸ் செய்தது. கிக்ஸ்டார்ட்டர் என்ற தளத்தில் பொதுமக்களிடம் 10,000 டாலர் கேட்டு, 2,00,000 டாலருக்கு மேல் கிடைத்து உருவான கேம். இதில் கப்பலைக் கட்ட முடியாது. கெஸ்ட்ரல் என்ற கப்பலும் மூன்று மனிதர்களும் முதலில் கையில் கிடைக்கும். அறைகள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் இருக்கும். மின்சாரத்தைக் கூட்டலாம், ஷீல்டை வலுவாக்கலாம், புது ஆயுதம் வாங்கி மாட்டலாம், அவ்வளவுதான். பின்னாலேயே துரத்தி வரும் எதிரிப் படையிடம் பிடிபடாமல் எட்டு மண்டலங்களைக் கடந்து, கடைசியில் அவர்களின் தலைமைக் கப்பலை உடைக்க வேண்டும். தோற்றால் மறுபடி முதலில் இருந்துதான். ஓர் ஆட்டம் கடைசிவரை போனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும்.

கட்ட முடியாத கப்பல் கேமை இந்தப் பட்டியலில் ஏன் வைத்தேன் என்றால், இதில் ஆட்களை வைப்பதுதான் கட்டுவது. மொத்தமே அதிகபட்சம் எட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, நாம் மாற்றி வைக்கலாம். ஆட்களில் மனிதர் அல்லாத இனங்களும் உண்டு. எஞ்சி இனத்தவர் இரண்டு மடங்கு வேகத்தில் பழுது பார்ப்பார்கள், கைச்சண்டையில் பாதிதான். மேண்டிஸ் இனத்தவர் சண்டையில் புலி, பழுது பார்க்கச் சொன்னால் மெதுவாகத்தான் செய்வார்கள். ராக்மென் என்ற கல்மனிதர்களைத் தீ தொடாது, ஆனால் நடை பாதி வேகம். ஸோல்டான் இனத்தவர் எந்த அறையில் நிற்கிறாரோ அந்த அறைக்கு ஒரு பங்கு மின்சாரம் சும்மாவே கிடைக்கும். ஆகவே கல்மனிதர் ஒருவர் வந்து சேர்ந்ததும் அவரை எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் நிறுத்தலாமா, ஷீல்டில் நிறுத்தலாமா என்று யோசிப்பதே ஒரு வடிவமைப்பு வேலைதான். செய்கிற வேலையில் அவர்கள் தேறிக்கொண்டே வருவார்கள். ஓட்டுநர் நன்றாக ஓட்டக் கற்றுக்கொள்வார், குண்டு போடுகிறவர் கை வேகமாகும். அதனால் ஆறாவது மண்டலத்தில் ஒருவரை இழந்தால், இன்னொருவரைக் கடையில் வாங்கலாமே தவிர, அவர் கற்றதை வாங்க முடியாது.

ஓர் ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். எஞ்சி இனத்து ஆள் ஒருவருக்கு முத்து என்று பெயர் வைத்திருந்தேன். ஆறாவது மண்டலத்தில் ஆக்சிஜன் அறையில் தீ பிடித்தது. தீயை அணைக்க எளிய வழி, வெளிக் கதவுகளைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றுவது. திறந்தேன், தீ அணைந்தது. ஆனால் ஆக்சிஜன் கருவி கெட்டுப்போய்விட்டதால் கப்பல் முழுக்கக் காற்று இறங்கத் தொடங்கியது. ஸ்பேஸ் பாரை அழுத்தினால் எல்லாம் நிற்கும். நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழுது பார்க்க வேகமான ஆள் முத்துதான். ஆனால் முந்தின சண்டையில் அடிபட்டு உயிர்க்கோடு ஏற்கெனவே மஞ்சளாக இருந்தது. காற்றில்லாத அறையில் நின்று வேலை செய்தால் அது இன்னும் இறங்கும். மருத்துவ அறை மூன்று அறை தள்ளி இருந்தது. அனுப்பினேன். பழுது முடிந்தது. திரும்பி மருத்துவ அறைக்குப் போகச் சொன்னேன். ஒரு கதவு மிச்சம் இருக்கும்போது விழுந்துவிட்டார். காற்று மெல்ல மெல்ல ஏறியது. மற்ற நான்கு பேரும் பிழைத்தார்கள். அந்த ஆட்டத்தில் கடைசிக் கப்பலிடம் தோற்றேன். தோற்றது சரியாக ஞாபகம் இல்லை. அந்த ஒரு கதவு ஞாபகம் இருக்கிறது.

காஸ்மோட்டீரில் எத்தனை நூறு பேரை இழந்திருப்பேன், இப்படி ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது.

2014-இல் வந்த அட்வான்ஸ்டு எடிஷன் கூடுதல் இனத்தையும் கப்பல்களையும் இலவசமாகவே சேர்த்தது. இந்த நான்கில் விலை குறைந்ததும் இதுதான். படிக்க வேண்டிய ஆங்கிலம் மட்டும் கொஞ்சம் அதிகம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னச் சம்பவம் எழுத்தில் வரும், முடிவெடுக்க வேண்டும். ராட்சதச் சிலந்திகள் ஒரு நிலையத்தைத் தாக்குகின்றன, உதவிக்கு ஆள் அனுப்புகிறாயா என்று ஒன்று கேட்கும். ஆடியவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். அனுப்பி ஒருவரை இழந்தவர்கள் அடுத்த முறை அந்த எழுத்து திரையில் வந்ததும் கையை எடுத்துவிடுவார்கள். தோல்வியைத் தாங்குகிற மனசும் வேண்டும். ஈஸி நிலையில் ஆடினாலும் முதல் பத்து ஆட்டத்தில் ஒன்றில்கூட ஜெயிக்காமல் போவது சாதாரணம்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கப் பார்ப்பது ஸ்பேஸ் ஹேவன். பின்லாந்தைச் சேர்ந்த பக்பைட் நிறுவனத்தின் கேம், 2020 மே மாதம் ஏர்லி ஆக்சஸில் வந்தது. இதில் கப்பல் ஒரு குடித்தனம். கட்டம் கட்டமாகச் சுவர் வைத்து, தரை போட்டு, படுக்கை, சமையலறை, கழிப்பறை, செடி வளர்க்கும் தொட்டி எல்லாம் நாமே வைக்க வேண்டும். ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் வெப்பமும் அறைக்கு அறை எப்படிப் பரவுகின்றன என்று கேம் கணக்குப் பார்க்கிறது. மூலையில் ஓர் அறையைக் கட்டிவிட்டுக் காற்றுக்கு வழி செய்யாமல் விட்டால், அங்கே தூங்கப் போனவர் மூச்சுத் திணறுவார். பனிக்கட்டியை வெட்டி எடுத்து வந்து தண்ணீராக்க வேண்டும். ஆட்களுக்குப் பசி, தூக்கம், மனநிலை எல்லாம் உண்டு. ஒருவருக்கு ஒருவர் நட்பும் ஆவார்கள், மனஸ்தாபமும் வரும். ஒருவர் இறந்தால் கூட இருந்தவர் பல நாள் வேலையில் ஒட்டாமல் இருப்பார்.

ஓட்டு வீட்டுக்குப் பின்னால் தாழ்வாரம் இறக்கி, அப்புறம் அதையே அறையாக்கி, அப்புறம் பக்கத்தில் ஒரு குளியலறை சேர்ப்பார்களே, அந்த மாதிரி வளரும் கப்பல் இது. காஸ்மோட்டீர் போல ஒரே மூச்சில் வரைந்து முடிப்பதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, கைவிடப்பட்ட பழைய கப்பல்களில் ஆளை இறக்கித் துழாவுவது. யாரோ வாழ்ந்த அறைகள், யாரோ விட்டுப்போன பொருள்கள், எங்கோ மூலையில் காத்திருக்கும் வேற்றுக்கிரக ஜந்து. அனுப்பிய நான்கு பேரும் திரும்பி வருகிற வரை இங்கே சமையலறையில் வேலை செய்கிறவரைப் பார்க்கவே தோன்றாது. குறை என்றால், எல்லாம் நிதானமாக நடக்கும். கப்பலுக்குக் கப்பல் நடக்கும் சண்டையில் காஸ்மோட்டீரின் விறுவிறுப்பு கிடையாது. ஒரு வாரம் தொடர்ந்து உட்கார்ந்தால்தான் குடித்தனம் சூடு பிடிக்கும். நேரம் இருக்கிறவர்களுக்கு, கட்டுவதும் ஆட்களும் சமமாக வேண்டும் என்கிறவர்களுக்கு இதுதான் மிக நேர்மையான பதில். ஆனால் இரண்டிலும் உச்சத்தை இது தொடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது வேறு பாதை. மெக்சிகோவைச் சேர்ந்த ஸ்க்வாட் நிறுவனத்தில் பெலிபே பலாங்கே தொடங்கியது. 2011-இல் முதலில் வெளிவந்து, 2015 ஏப்ரலில் முழுமை பெற்றது. ராக்கெட்டை நாமே கட்டி விண்ணுக்கு அனுப்ப வேண்டும். இதில் எதிரி யாரும் இல்லை, ஈர்ப்பு விசைதான் எதிரி. நாம் கிளம்பும் கெர்பின் என்ற கிரகத்தின் ஆரம் 600 கிலோமீட்டர்தான், பூமியுடையது 6,371. ஆனால் தரையில் ஈர்ப்பு பூமியின் அளவே. காற்று 70 கிலோமீட்டரில் முடியும். அதற்கு மேலே போய், பக்கவாட்டில் நொடிக்கு 2,200 மீட்டருக்கு மேல் வேகம் பிடித்தால்தான் சுற்றுப்பாதை. மேலே போவதைவிடப் பக்கவாட்டில் ஓடுவதுதான் சுற்றுப்பாதையின் ரகசியம் என்று பாடப்புத்தகத்தில் படித்தும் புரியாதது, இங்கே மூன்றாவது ராக்கெட் கடலில் விழுந்தபோது புரிந்தது. ஆட்கள் பச்சை நிறக் குட்டி மனிதர்கள். ஜெபடாயா, பில், பாப், வேலண்டினா என்று நால்வர் முதலில் வருவார்கள். ஓட்டுநர், பொறியாளர், விஞ்ஞானி என்று வேலையும் பிரிந்திருக்கும். ஆனாலும் அவர்கள் பயணிகள்தான். சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். கப்பலுக்குள் நடமாட்டம் கிடையாது. நிலாவில் இறங்கியபின் எரிபொருள் தீர்ந்து ஒருவர் அங்கேயே மாட்டிக்கொண்டால் அவரை மீட்க இன்னொரு கப்பல் கட்டி அனுப்புவோம் பாருங்கள், அப்போது மட்டும் அந்தப் பச்சை முகம் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிடும். அறிவியலில் ஆர்வம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். வாங்கும்போது முதல் பாகத்தைத்தான் வாங்க வேண்டும். 2023 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகம் பாதி கட்டிய நிலையில் விற்பனைக்கு வந்தது.

இனி வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை. லேப்டாப் சாதாரணமானது என்றால் எஃப்.டி.எல்.-க்குக் கவலையே இல்லை, பத்து வருடப் பழைய கணினியிலும் ஓடும். ஸ்பேஸ் ஹேவனும் பெரிய தொல்லை தராது. காஸ்மோட்டீரில் சின்னக் கப்பல்கள் இருக்கிற வரை ஓடும், நூற்றுக்கணக்கான ஆட்களோடு இரண்டு பெரிய கப்பல்கள் மோதும்போது திணறும். அத்தனை பேரின் நடையையும் கணினிதானே கணக்குப் போட வேண்டும். கெர்பலிலும் உதிரிகள் கூடக் கூட இதே கதைதான். காஸ்மோட்டீருக்கு விண்டோஸ் வேண்டும், மேக் வைத்திருப்பவர்கள் மற்ற மூன்றில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். எஃப்.டி.எல்.-ஐ அந்த இரண்டு மணி நேரத்தில் தெரிந்துகொண்டுவிடலாம். காஸ்மோட்டீருக்கு அந்த நேரத்தைப் பாடம் கற்பதிலேயே செலவழிக்காமல், விருப்பம்போலக் கட்டிப் பார்க்கும் கிரியேட்டிவ் பகுதியில் நேராக நுழைந்து ஒரு சின்னக் கப்பலைக் கட்டி, ஒரு சண்டை போட்டுப் பார்க்க வேண்டும். ஆட்கள் நடப்பதைப் பார்த்து மனசு ஒட்டுகிறதா இல்லையா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஸ்பேஸ் ஹேவனையும் கெர்பலையும் இரண்டு மணி நேரத்தில் முடிவு செய்வது நியாயமில்லை. அவற்றுக்கு யாராவது ஆடுகிற வீடியோவை முதலில் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

அண்ணன் மகளுக்கு என்ன சொன்னேன்? எனக்கு நெருக்கமானது எஃப்.டி.எல்.தான், அதை மறைக்கவில்லை. தினமும் வேலை முடிந்து ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கிற ஒருவர் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் போனில் முதலில் சொன்ன வார்த்தை "கப்பல நானே கட்டணும்" என்பது. ஆட்கள் இரண்டாவதாகத்தான் வந்தார்கள். சின்ன வயதில் கட்டம் போட்ட நோட்டின் கடைசிப் பக்கங்களில் வீட்டுக்கு வரைபடம் போடுகிறவள் அவள். மாடிப்படி எங்கே, பாட்டி படுக்கிற அறையில் இருந்து குளியலறைக்கு எத்தனை அடி என்று எண்ணி எண்ணி எழுதுவாள். அவளுக்கு விடுமுறையும் ஒரு மாதம் முழுதாக இருக்கிறது. காஸ்மோட்டீர் வாங்கு என்று எழுதினேன். பெரிதாகக் கட்ட அவசரப்படாதே, இருபது பேருக்குள் ஒரு கப்பலை நன்றாக ஓட வைத்துவிட்டு அப்புறம் பெருக்கு என்றும், அடுத்த தள்ளுபடியில் எஃப்.டி.எல். வந்தால் என்னிடம் சொல், நான் வாங்கித் தருகிறேன் என்றும் சேர்த்து எழுதினேன்.

நான்காம் நாள் ஒரு படம் வந்தது, டாக்குமெண்டாகவே அனுப்பியிருந்தாள். என் கேமுக்குள் போட்டுத் திறந்தேன். கச்சிதமான கப்பல், முன்னால் இரண்டு பீரங்கி, நேரான நடைபாதை. ஆனால் படுக்கையறைகள் மட்டும் எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி, பின்பக்க ஓரத்தில் தனியாக இருந்தன. சண்டை வந்தால் அங்கிருந்து எழுந்து ஓடி வர நேரமாகும், அவளுக்கும் அது தெரிந்திருக்கும். ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டு அனுப்பினேன்.

"அங்க குண்டு விழாது அத்தை. தூங்குறப்போ சாகக் கூடாதுல்ல."